அறை இல்லாத ஹோட்டல்கள்

மார்ச் 4, திங்கள்

கிசுமுவில் ஹோட்டல் தொழில் படுத்துவிட்டதாம். நைரோபி ஆட்கள் தயாரித்த அறிக்கையை முதலாளி ஒகுட்டு என் மேசையில் வீசிவிட்டுப் போனார். பளபளக்கும் தாள், வண்ண வண்ணப் படங்கள். 'நகரின் பெரும்பாலான ஹோட்டல்களில் ஒருவரும் தங்குவதில்லை.' அதனால் எங்கள் ஹோட்டலை இடித்துவிட்டு, இடத்தைப் பெட்ரோல் பங்குக்கு விற்கப்போகிறாராம்.

ஒருவரும் தங்குவதில்லையா? அப்படியானால் போன வாரம் அடக்கத்துக்கு வந்த சனத்துக்கு அறை போதாமல் மொட்டைமாடியில் மெத்தை விரித்தேனே, அவர்கள் எல்லாம் பேய்களா? பன்னிரண்டு வருடமாக நான் இங்கே மேலாளரா, காலிக் கட்டடத்துக்குக் காவல்காரியா?

மார்ச் 6

சமையல்காரர்களிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மார்ச் 7

பிடித்துவிட்டேன்!

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அகேயோ அக்கா கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பெஞ்சு, ஓர் அடுப்பு. பலகையில் 'நியூ பாரடைஸ் ஹோட்டல்'. இந்த ஊரில் சோறு போடுகிற இடமெல்லாம் ஹோட்டல்தான், பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அறிக்கையைப் பற்றிப் புலம்பினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அந்த நைரோபிக்காரன் எனக்கும் போன் போட்டான்டி. நேத்து ராத்திரி உங்க ஹோட்டல்ல எத்தன பேரு தங்குனாங்கன்னு கேட்டான். ஏன்டா, ஊர் ஆம்பளைங்கள எம் பெஞ்சுல படுக்க வைக்க எனக்கென்ன பைத்தியமான்னு திட்டிட்டு வச்சுட்டேன்."

படித்த முட்டாள்! ஊரிலுள்ள டீக்கடையெல்லாம் கணக்கில் சேர்ந்துவிட்டது. அத்தனைக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறான். நாளைக்கே முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 8

சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அவினோ, அந்த மாதிரி ஹோட்டல்ல சப்பாத்தியும் பீன்ஸும் தின்னு வளந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா ஐயா?"

"எடத்துக்கு நல்ல வெல வந்திருக்கு. பங்கு இருக்கிற எந் தம்பிங்க கேட்டா காட்ட ஏதாச்சும் வேணும்ல? நீ வாய மூடிக்கிட்டு இரு. உனக்கும் பாத்துச் செய்றேன்."

நாய்க்கு எலும்பு வீசுகிற மாதிரி. நைரோபிக்காரனைப் போய் முட்டாள் என்று எழுதினேனே — நானல்லவா முட்டாள்?

மார்ச் 10

விடவில்லை. தம்பிகளில் இளையவர் வீட்டுக்கே போனேன். நான் சொல்லி முடிக்குமுன் கையை உயர்த்தினார். "எங்க எல்லாருக்கும் தெரியும்மா. வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத."

எல்லாருக்கும் தெரியும்! ச்சீ. எங்கள் இருபது பேர் பிழைப்பு இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஏப்ரல் 12

இடித்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

நேற்றுச் சாயங்காலம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் போன் செய்தார். மாமனார் அடக்கத்துக்கு வந்தவர், இடிந்து கிடக்கும் ஹோட்டல் முன் பெட்டியோடு நிற்கிறாராம். தெரிந்த மேலாளர்கள் எல்லாரையும் கேட்டுப் பார்த்தேன். எங்கும் அறை இல்லை. கடைசியில் வீட்டுக்கு அழைத்துவந்து மகனுடைய அறையைக் கொடுத்தேன். மகன் முறைத்தான். இன்று காலையில் அவர் அடுத்த மாதத்துக்கும் அறை வேண்டுமென்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்.

மே 31, வெள்ளி

காலையில் ஒகுட்டு போன் செய்தார். குரலில் அப்படி ஒரு தேன்.

"அவினோ, வீட்டுல ரூம் வாடகைக்கு விடுறியாமே? எம் மச்சினன் குடும்பத்தோட வர்றான். ஊர்ல எங்க கேட்டாலும் எடமே இல்லம்மா."

"ரெண்டு ரூமும் நெறஞ்சிருச்சு ஐயா" என்றேன்.

பொய்யில்லை. நான் கூடத்தில்தான் படுத்திருக்கிறேன்.