புள்ளியை முதலில் வைக்கச் சொன்ன அண்ணனுக்கு

என் ஆசை அண்ணனுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் டைப்ரைட்டர்கள் ஒன்பதும் சுகமாக இருக்கின்றன. போன கிழமை நோர்வூட்டில் விடாத மழை. சுவரில் ஈரம் இறங்கியதும் எல்லாவற்றையும் ஒரு சாண் தள்ளி வைத்து, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் போட்டேன். யார், நானா என்று கேட்கிறீர்களா? நானேதான்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். தேயிலை பெக்டரியில் முப்பது வருஷம் மெஷின் ஃபிட்டராக இருந்தீர்கள். கொழுந்து அரைக்கும் ரோலர்களின் இரைச்சல் உங்கள் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. கடைசியில் இடி இடித்தாலும் ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்கள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் உங்களோடு வந்து இருந்தபோது நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள். பேசுவீர்கள், நாங்கள் பேசுவது மட்டும் கேட்காது. சொல்ல வேண்டியதை ஒரு கொப்பியில் எழுதிக் காட்டுவோம். 'சோறு', 'மழை', 'கிளார்க் ஐயா வாறாரு'. அதற்கு மேல் யாரும் எழுத மாட்டார்கள்.

தோட்டத்து ஆபீசில் கம்ப்யூட்டர் வந்தபோது மூலையில் கிடந்த ஒரு தமிழ் டைப்ரைட்டரைக் கிளார்க் ஐயா உங்களிடம் கொடுத்தார். அதில் தொடங்கியது உங்கள் பைத்தியம். ஆமாம், அன்றைக்கு நான் பைத்தியம் என்றுதான் சொன்னேன். பெக்டரி விட்டு வந்து கை கழுவியதும் மறுபடி கையைக் கறுப்பாக்கிக்கொள்வீர்கள். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு எழுத்தையும் தேய்ப்பீர்கள். "பெக்டரி மெஷின் என்னைய ஆட்டி வச்சுச்சு தங்கச்சி. இது நான் சொன்னா கேக்குது" என்பீர்கள். ஒன்று நான்காயிற்று. மேசைமேல் ஒரு தமிழ் மெஷின். அலுமாரிமேல் ஆங்கிலம் ஒன்று, உருளை இல்லாத சிங்களம் ஒன்று. நாலாவது கட்டிலுக்குக் கீழே சாக்குக்குள். ஒரு வருஷமாக நீங்கள் பழுது பார்த்துக்கொண்டிருந்த, அகலமான, பெரிய தமிழ் மெஷின்.

அந்தச் சாக்கைத்தான் நான் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் காது வைத்தியத்துக்காகக் கண்டியில் தங்கியிருந்தீர்கள். இங்கே கூரைத் தகரம் மாற்ற ஆட்கள் வந்தார்கள். வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய இரும்புக்காரர் குரல் கொடுத்தார். சாக்கைத் திறந்து பார்த்தேன். துரு, கம்பி, கழன்ற சக்கரம். ரெண்டு பிளாஸ்டிக் பேசனை வாங்கிக்கொண்டு அதைத் தூக்கிக் கொடுத்தேன். பெரிய காரியம் செய்த மாதிரி இருந்தது.

நீங்கள் திரும்பி வந்தீர்கள். வைத்தியம் பலிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பையை வைத்துவிட்டு, குனிந்து கட்டிலுக்குக் கீழே கையை விட்டீர்கள். இன்னும் உள்ளே விட்டீர்கள். பிறகு எழுந்து புதுக் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை அண்ணே. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கொப்பியை எடுத்தேன். பேனாவைத் திறந்தேன், மூடினேன். அந்தக் கொப்பியில் அரிசி, பருப்புக்கு நடுவே இதை எப்படி எழுதுவது? மேசையில் இருந்த மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் முதன்முதலாக அதைத் தொட்டேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, வியர்த்து, இரண்டே வரி அடித்தேன். 'நான்தான் கொடுத்தேன். மன்னித்துவிடுங்கள்.' தாளை உருவி உங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

தாள் சரசரத்தது. திடீரென்று சிரிப்புச் சத்தம். நிமிர்ந்தால், தாளை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிக்கிறீர்கள்.

"குடுத்தது போகட்டும் தங்கச்சி. ஒன் புள்ளி எல்லாம் அடுத்த எழுத்து தலையில போயி ஒக்காந்திருக்கு பாரு. புள்ளிய முதல்ல வைக்கணும். அப்ப மெஷின் நகராது. அதுக்கு அப்புறம்தான் எழுத்த அடிக்கணும்."

பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு வரியையும் மறுபடி அடிக்க வைத்தீர்கள். மன்னிப்பைப் பிழை இல்லாமல் கேட்க எனக்கு நாலு தாள் ஆனது. நாலாவது தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். அன்றோடு கொப்பியை விட்டேன். பிள்ளைக் காம்பராவில் நான் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் செய்த குறும்பு, வழியில் கேட்ட வம்பு, வீட்டுக்காரர் நினைவு வந்து அழுதது எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்தேன். கேட்கும் காது இருந்த நாளில்கூட நாம் இவ்வளவு பேசிக்கொண்டதில்லையே, ஏன் அண்ணே?

அடுத்த ஞாயிறு சாக்கைத் தேடிப் புறப்பட்டோம். நோர்வூட் இரும்புக் கடையில் விசாரித்தபோது, கினிகத்தேனையில் தையல் மெஷின் திருத்தும் சுனில் என்பவர் வாங்கிப் போனதாகச் சொன்னார்கள். பஸ் ஏறினோம். கடையைக் கண்டுபிடித்து உள்ளே போனால், உங்கள் மெஷின் பலகைமேல் எலும்புக்கூடாக நின்றது. எழுத்துக் கம்பிகள் அத்தனையும் கழற்றி ஒரு டின்பால் டப்பாவில் கிடந்தன. தமிழ் எழுத்தை எடுத்துவிட்டுச் சிங்கள எழுத்துப் பொருத்தப் போவதாகச் சுனில் அய்யா என்னிடம் சிங்களத்தில் விளக்கினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருள், அவர் மேல் என்ன தப்பு?

நீங்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டப்பாவைக் கவிழ்த்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்பியை எடுத்து அதன் நுனியைப் பெருவிரலால் தடவினீர்கள். "ழ." வைத்தீர்கள். அடுத்தது. "ண." வைத்தீர்கள். தலைகீழாக, திருப்பி வார்த்த எழுத்துகள் அவை. பார்த்தாலே எனக்குப் புரியாது. சுனில் அய்யாவுக்குச் சந்தேகம். ஒரு கம்பியை எடுத்து, கையால் மறைத்தபடி உங்கள் விரலுக்கு அடியில் வைத்தார்.

"இது 'ள'. தேஞ்சிருக்கு, ஆனா 'ள'தான்" என்றீர்கள்.

நான் மெஷினில் அந்த விசையைக் காட்டினேன். அவர் எழுத்தையும் விசையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் 'சரி' சொல்லிக் கடையின் முன்கதவைச் சாத்திவிட்டு, ஒரு குறடை எடுத்துக்கொண்டு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

நீங்கள் சொல்வது அவருக்கு அரைகுறையாகத்தான் புரியும். அவர் சொல்வது உங்களுக்குக் கேட்கவே கேட்காது. எனக்கு மொழிபெயர்க்க ஒரு வேலையும் வைக்கவில்லை நீங்கள் இருவரும். அவர் கையை நீட்டுவதற்குள் திருப்புளியை வைத்தீர்கள். நீங்கள் புருவத்தை உயர்த்தினால் அவர் வெளிச்சத்தைத் திருப்பினார். மூன்று தரம் தேத்தண்ணி ஆறிப் போனது. சாயங்காலம் கடைசிக் கம்பி ஏறியதும் சுனில் அய்யா தாளைச் செருகி ஒரு 'அ' அடித்தார். அவருக்கு அது என்ன எழுத்து என்று தெரியாது. தெரிந்தது போலச் சிரித்தார். மெஷினை உங்கள் பக்கம் தள்ளி, "அய்யே, இது உங்களோடது" என்று உங்களை அண்ணனாக்கிச் சிங்களத்தில் சொன்னார். அதற்கு மட்டும்தான் நான் தேவைப்பட்டேன்.

அடுத்த போயா நாளில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், உருளை இல்லாத உங்கள் சிங்கள மெஷினைத் தோளில் சுமந்து போய் அவருக்குக் கொடுத்தீர்கள். சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றி அவர் உருளை செய்தார். அப்புறம் ஒரு போயா தவறியதில்லை. ஒன்று அவர் இங்கே, இல்லை நீங்கள் அங்கே. நாலு ஒன்பதானது அந்தச் சிநேகிதத்தால்தான்.

உங்களிடம் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? எதையும் பூட்டி வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிக்கும் பெண்கள் வந்து பெயர் அடித்துப் பார்ப்பார்கள். நீங்கள் மேசையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். அதிர்வை வைத்தே யார் அடிக்கிறார்கள் என்று சொல்வீர்கள். "இது செல்வராணி. கொழுந்து ஒடிக்கிற மாதிரி ரெண்டு விரலாலயே அடிக்குது!" எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சிரிக்கும். உங்களுக்குக் கேட்காத சிரிப்பு என்று நான் நினைத்துக்கொள்வேன். அதுவும் மேசை வழியாக உங்களுக்கு வந்து சேர்ந்ததா?

எட்டு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னும் தைரியமில்லை. சுனில் அய்யா வெள்ளைச் சாரம் உடுத்தி வந்து, குழி மூடும் வரை நின்றார்.

அதற்குப் பிறகு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலிலிருந்து ஆள் வந்தார். ஒன்பதையும் எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, உங்கள் பெயரையும் போடுவார்களாம். உங்கள் பெயர் என்றதும் எனக்கு மனம் ஆடிப்போனது, பொய் சொல்லவில்லை. அங்கே மாட்டியிருக்கும் வெள்ளைக்காரத் துரைமார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெக்டரி ஃபிட்டர் பெயர் இருந்தால் என்ன என்று தோன்றியது. "யாராச்சும் அடிச்சுப் பாக்கலாங்களா?" என்று கேட்டேன். "இல்லம்மா, தொட விட மாட்டோம்" என்றார். அப்படியானால் வேண்டாம் என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். சரிதானா அண்ணே? உங்கள் பெயரை நானே தடுத்துவிட்டேனோ என்று சில நாள் உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை செல்வராணி வந்து உட்கார்ந்ததும் அந்த உறுத்தல் போய்விடுகிறது.

இப்போது புதுச் செய்தி. கந்தப்பளையில் ஒரு தோட்டத்து ஆபீஸ் படிக்கட்டுக்குக் கீழே டைப்ரைட்டர் ஒன்று கிடக்கிறதாம். நகரவே நகராதாம், எலி கூடு கட்டியிருக்கிறதாம். சுனில் அய்யாவுக்குச் செய்தி எட்டியதும் என்னைக் கூப்பிட்டார். "நங்கி, போவமா?" என்று தங்கச்சி முறை வைத்துக் கேட்டார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பிரஷ்ஷையும் எண்ணெய்ச் சீசாவையும் பையில் போட்டுவிட்டேன்.

வரும் போயாவுக்குப் போகிறோம். அது தமிழோ, சிங்களமோ, இங்கிலீஷோ, எந்தக் கோலத்தில் இருந்தாலும் என் மடியில் வைத்துத்தான் பஸ்ஸில் கொண்டுவருவேன். எலிக் கூட்டை என் கையாலேயே எடுப்பேன். அது ஓடத் தொடங்கும் நாளில் வாசலைத் திறந்து வைப்பேன். முதலில் யார் வருகிறார்களோ அவர்கள் அடிக்கட்டும். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் தங்கச்சி,
பவானி