சட்டை உரித்த இறால்

வெள்ளிக்கிழமை, பௌர்ணமி.

சாயங்காலம் இவரும் நானும் இறால் குளத்தில், தீனி தின்றிருக்கிறதா என்று பார்க்க இறக்கிவைத்த செக் ட்ரேயைத் தூக்கிப் பார்த்தோம். போட்ட தீனி அப்படியே கிடந்தது. இவர் முகம் செத்துவிட்டது.

"ஏளா, நோய் வந்துட்டு. நாளைக்கே எல்லாத்தையும் பிடிச்சிருவோம்."

ட்ரே மூலையில் ஒரு கூடு ஒட்டியிருந்தது. மீசை இருந்தது, கால்கள் இருந்தன, உள்ளே இறால் இல்லை. நிலவில் தூக்கிப் பிடித்தேன். அதன் வழியாக என் விரல் தெரிந்தது.

"இன்னைக்குப் பௌர்ணமில்லா? சட்டை உரிக்குது, அதான் திங்கல. இப்பப் பிடிச்சா மெத்துமெத்துன்னு இருக்கும், எவன் வாங்குவான்? ரெண்டு நாள் பொறுங்க."

நம்பிவிட்டார். நிம்மதியாகத் தூங்குகிறார். நோயாக இருந்தால் ரெண்டு நாளில் குளத்தில் ஒன்றும் மிஞ்சாது.

ஜன்னலுக்கு வெளியே துறைமுக விளக்குகளும் நிலவும் குளத்தில் மிதக்கின்றன. தண்ணீரில் காற்றைக் கலக்கிவிடும் ஏரேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கண்ணை மூடினால் நானும் அடியில் கிடக்கிறேன், சட்டையில்லாமல், எதுவும் மேலே பட்டுவிடக் கூடாதென்று அசையாமல்.

கூட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். குளமே சட்டை உரித்தால் கரையோரம் கூடுகள் ஒதுங்கிக் கிடக்கும் என்று, இவர் தூங்கியபின் டார்ச்சோடு கரையைச் சுற்றி வந்தேன். இன்னொரு கூடு கிடைக்கவில்லை.