கடலுக்குள் போன விமானம்

அன்புள்ள பதருன்னிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முட்டிவலி தேவலையா? ஷார்ஜாவில் என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நம் மகள் அலீனாவின் குட்டி ரிமோட் விமானம் கோவளம் கடலில் விழுந்த வீடியோவை யாரோ அனுப்ப, பார்த்துச் சிரித்தேன். "இன்னாடி இது, நிக்காம போய்கினே கீது!" என்று கத்துகிறான் உன் தம்பி அப்பாஸ். ரிமோட்டும், விமானத்துக்குள் அதன் சிக்னலை வாங்கும் ரிசீவரும் அவன் தேர்ந்தெடுத்ததாமே. செல்போன் கடைக்காரனான அவனுக்கு என்ன தெரியும்? சிக்னல் அறுந்ததும் மோட்டாரை நிறுத்துகிற ரிசீவர் என்றால் மணலிலேயே இறங்கியிருக்கும். நான் வேலை பார்க்கும் இந்தப் பொம்மை விமானக் கடையில் ஊரான் பிள்ளைகளுக்கு நாள் முழுக்க அதைத்தான் சொல்லி விற்கிறேன்.

யாராவது இங்கே வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. கடை திறக்க வேண்டும், முடிக்கிறேன். அடுத்ததை வாங்குமுன் அலீனாவை என்னிடம் கேட்கச் சொல். அத்தா என்று வேண்டாம், கடைக்காரன் என்று நினைத்தாவது கேட்கட்டும்.

ஜலாலுதீன்