குறுக்காகப் படுத்த மாஸ்டர்

ஆம்பூர்,
ஞாயிறு மாலை

கடல் கடந்த அயர்லாந்து தேசத்தில் ஊசியும் மருந்துமாக ஆட்சி புரியும் என் மருமகள் ஷர்மிளாவுக்கு, வேலூர் கோட்டை அகழியை ஒரே மூச்சில் குடித்து வற்றவைத்தவனும் உன் தாய்மாமனுமாகிய ஜெயசீலன், கர்த்தருடைய சமாதானத்தைச் சொல்லி எழுதுவது.

வலது கையை உயர்த்தி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் வரும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. உன் அம்மா நம்பமாட்டாள். அவள் என்னைத் தொட்டிலிலிருந்தே நம்பியதில்லை. நீயும் நம்பாதே. ஆனால் கடைசிவரை படித்துவிடு.

உன் அம்மா செண்பகம் சுகமாக இருக்கிறாள். சர்க்கரை கம்மியாகிவிட்டது, வாய்தான் ஜாஸ்தியாகிவிட்டது. போன மாதம் பாலாற்றில் தண்ணீர் வந்தது. நான் கரையில் நின்று பார்த்தபோது ஒரு கப்பலும் இரண்டு திமிங்கிலமும் காட்பாடிப் பக்கமாகப் போயின. உன் அம்மா கணுக்கால் அளவுதான் என்கிறாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் செய்யவேண்டும், நீ வரும்போது டாக்டரிடம் பேசு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ போனில் அழுதாய் என்று உன் அம்மா சொன்னாள். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் கிழக்கே கால் நீட்டிப் படுத்திருக்க, உன் அப்பா சாமுவேல் மட்டும் குறுக்கே கிடக்கிறார் என்று யாரோ போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். டிசம்பரில் நீ வரும்போது குழியைத் திறந்து அவரைத் திருப்பி வைக்கச் சபைக் கமிட்டி சம்மதித்துவிட்டது. 'அனாதைப் பிணம் மாதிரி எங்கப்பாவ எப்டியோ தூக்கிப் போட்டுட்டாங்க' என்று நீ சொன்னாயாம். உன் அம்மா, 'எனக்கு இன்னா தெரியும், உங்க மாமன்தான் கூட இருந்தான், அவனையே கேளு' என்று என் தலையில் கட்டிவிட்டாள். ஆகவே கேள்.

அது கொரோனாவின் இரண்டாம் வருஷம். நீ அங்கே முகக்கவசத்துக்குள் மூச்சுமுட்ட அடுத்தவர் அப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய், விமானமும் இல்லை. இங்கே ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா ஹாலில் ஜமாத்துக்காரர்கள் கட்டில் போட்டு, ஆக்சிஜன் சிலிண்டர் நிறுத்தி, டாக்டர் ஒருவரையும் பிடித்துவந்தார்கள். யார் எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று கேட்கவில்லை, மூச்சு இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். ஜன்னலோரக் கட்டில் உன் அப்பாவுக்கு, பக்கத்துக் கட்டில் எனக்கு.

எனக்குக் காய்ச்சல் எவ்வளவு என்றால், நெற்றியில் தோசை வார்த்து அந்த வரிசை முழுவதும் சாப்பிட்டது. அப்போது ரம்ஜான் மாதம். வெளியே பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். வெயில் சாயும் நேரம் அந்த மணம் ஹாலுக்குள் நுழைந்ததும் கட்டிடம் மெதுவாக அசையும். சிலிண்டர்கள் குதிரை மாதிரி பெருமூச்சு விடும். அப்புறம் ஹால் தரையை விட்டுக் கிளம்பும். சத்தியம்! கட்டில்களோடு, மின்விசிறிகளோடு, தொங்கும் குளுக்கோஸ் பாட்டில்களோடு நாங்கள் மேலே போவோம். கீழே லாங் பஜார் ஒரு தள்ளுவண்டிகூட இல்லாமல் துடைத்த தட்டு மாதிரி கிடக்கும். காட்பாடி ஜங்ஷனில் ஆளில்லாத ரயில்கள் எங்களைப் பார்த்து ஒரு கூவு கூவும். காவேரிப்பாக்கம் ஏரி மேல் வரும்போது எல்லோருக்கும் குளிரும், யாரோ போர்த்திவிடுவார்கள்.

உன் அப்பா ஜன்னல் வழியாகத் தோல் ஷெட்டுகளைப் பார்த்துக்கொண்டே வருவார். ஷூ கம்பெனியில் காலமெல்லாம் கட்டிங் மாஸ்டராக இருந்த மனுஷன், ஆகாயத்தில் சும்மா இருப்பாரா? காயப்போட்ட தோல்கள் காற்றில் எழும்பிப் பறவைக் கூட்டமாக எங்களோடு பறந்துவரும். மாஸ்க்கை விலக்கி, 'மச்சான், அந்த மூணாவது தோல்ல கழுத்துப் பக்கம் சுருக்கம் பார்' என்பார். அந்தத் தோல் வெட்கப்பட்டுப் பின்வரிசைக்குப் போய்விடும்.

அந்த உயரத்திலும், அந்தக் கஞ்சியைக் காய்ச்சிய நசீமுன்னிசா அம்மா அதை எடுத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக வருவார். அவரும் நோன்பு, நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க முடியாது. அதனால் உன் அப்பாவிடம்தான் முதல் கரண்டி. 'மாஸ்டர், உப்பு இருக்கா?' என்பார். பேச முடியாத நாளில் உன் அப்பா விரலை ஆட்டி இல்லை என்பார். 'இந்த மனுசனுக்கு என்னிக்கி உப்பு சரியா இருந்துச்சு' என்று அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒரு கல் உப்பு கூடப் போடுவார். அவருடைய மகன் மஹீன் சிலிண்டரை உருட்டிக்கொண்டே சிரிப்பான்.

மஹீனை உனக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒரு காலத்தில் உன் அப்பாவிடம் கட்டிங் வேலை பழகியவன். தோல் எந்தப் பக்கம் இழுபடும் என்று பார்த்துப் பீஸை வைத்து வெட்டவேண்டுமாம். இவன் அவசரத்தில் குறுக்காக வைத்து வெட்டுவான், ஷூ போட்ட நாலாம் நாள் கோணிக்கொள்ளும். உன் அப்பா போட்ட சத்தத்தில் மூன்று தெருவுக்குப் பால் திரியும். அவன் வேலையை விட்டுவிட்டு ஜமாத்து ஆம்புலன்ஸுக்கு டிரைவர் ஆனான். ஆனாலும் ஹாலில் உன் அப்பாவுக்கு முதுகு தேய்த்துவிட்டது அவன்தான்.

அப்படிப் பறந்துகொண்டிருந்த ஒரு நாள் காலையில் ஹால் தரையிறங்கியது. நான் இறங்கினேன். உன் அப்பா இறங்கவில்லை, ஷர்மி.

நம் ஆயர் ஐயா அப்போது காய்ச்சலில் படுக்கை. நம் சபைப் பையன்களில் பாதிப் பேர் ஹாலில், மீதிப் பேர் வீட்டுக்குள். குழி வெட்டுகிற ஆளும் ஊரைவிட்டுப் போய்விட்டார். மஹீனும் அவன் தோஸ்துகளும்தான் மண்வெட்டியோடு நம் கல்லறைத் தோட்டத்துக்கு முன்னாடியே போய் வெட்டி வைத்தார்கள். நோன்பு வாய், தண்ணீர் கிடையாது. சித்திரை வெயில் எப்படி அடித்தது என்றால், கல்லறைச் சிலுவைகள் எல்லாம் நிழல் தேடி வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்றன.

ஆம்புலன்ஸ் போய் நின்றதும் நான் பார்த்தேன். குழி தெற்கு வடக்காக இருந்தது. அவர்கள் கபர்ஸ்தானில் அப்படித்தான் வெட்டுவார்கள், தலை வடக்கே வைத்து முகத்தை மேற்கே திருப்புவார்கள். ஊரெல்லாம் வெட்டி வெட்டிப் பழகிய கை, இங்கேயும் அதே மாதிரி வெட்டிவிட்டது. நான் சொன்னதும் மஹீன் முகம் அந்த வெள்ளைக் கொரோனா உடைக்குள் வெளுத்துப்போனது. 'இன்னாண்ணே இப்டி பண்ட்டேன்! மாஸ்டர் இருந்தா, மறுபடி குறுக்கால போட்டியாடான்னு திட்டுவாரே' என்று சொல்லி அழுதான். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு குழி போட ஓடினான். இரண்டு வெட்டு வெட்டியதும் மண்வெட்டியை ஊன்றி அப்படியே உட்கார்ந்துவிட்டான். வாசலில் அடுத்த வண்டி வந்து ஹாரன் அடித்தது. அதிலும் ஒருவர், யாருக்கோ அப்பா.

ஆயருக்குப் போன் போட்டேன். இருமிக்கொண்டே, 'கர்த்தர் எழுப்பும்போது திசையா பாப்பாரு? வைங்க ஜெயசீலன், நான் இங்கிருந்தே ஜெபம் பண்றேன்' என்றார். ஸ்பீக்கரில் ஜெபம் நடந்தது. எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள்.

அன்றைக்குப் பெட்டி ஏது? சுற்றிய துணியோடே கயிற்றில் இறக்கினோம். மண் தள்ளப்போகும் நேரம் அந்த அதிசயம் நடந்தது. உன் அப்பா குழிக்குள் தாமாகவே இடப்பக்கம் ஒருக்களித்துத் திரும்பினார், கிழக்கே முகம் வைத்து. உச்சிக்குப் போயிருந்த சூரியன் அவசரமாக இறங்கிவந்து கிழக்கே நின்றது. ஜவ்வாது மலை கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டது. தோல்கள் எல்லாம் பறந்துவந்து குழிக்கு மேலே பந்தல் கட்டின. அந்த நிழலில் நாங்கள் மண் போட்டோம்.

இதுதான் நடந்தது. இப்போது கமிட்டிக்காரர்கள் குழியைத் திறந்தால், இந்த ஊர் மஹீனைப் பார்த்து என்ன பேசும் என்று யோசி. அவன் இன்றும் அந்தத் தெரு வழியாக வண்டி ஓட்டுவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறான். நீ வருகிறாய் என்று தெரிந்ததும், 'நானே போய் ஸ்டேஷன்ல கூட்டினு வரட்டாண்ணே, இல்ல அந்தப் பொண்ணு கோச்சுக்குமா?' என்று கேட்டான். எழுதிக் கேட்கிறேன் என்றேன். அது நீ சொல்லவேண்டிய பதில்.

கல் வை, பெயர் வை, பூ வை. குழியை மட்டும் திறக்காதே, அம்மா. அடுத்தவர் அப்பாக்களைப் பிடித்துத் தூக்கிய உன் கைகளைக் கர்த்தர் ஆசீர்வதிப்பார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்று. ஹால் பறக்கவில்லை, சூரியன் இறங்கவில்லை, மலையும் அப்படியேதான் இருக்கிறது. நான் அளந்ததில் ஒன்றே ஒன்று மட்டும் பொய் இல்லை. உன் அப்பா கிழக்கே திரும்பித்தான் படுத்திருக்கிறார். தாமாகத் திரும்பவில்லை. எல்லோரும் வேண்டாம் வேண்டாம் என்று கத்த, மஹீன் குழிக்குள் குதித்தான். 'எங்காளுங்கள மேக்கால திருப்புவோம், மாஸ்டரைக் கிழக்கால திருப்பறேன்' என்று சொல்லி, குழந்தையைப் புரட்டுவது போல இரண்டு கையாலும் புரட்டினான். மறுபடி மல்லாந்துவிடாமல் இருக்க மண்ணாங்கட்டிகளைப் பொறுக்கி, முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக அண்டக் கொடுத்தான். பிறகு அண்ணாந்து பார்த்து, 'சரியா இருக்காண்ணே?' என்று கேட்டான்.

சரியாகத்தான் இருந்தது, ஷர்மி.

உன் மாமன்,
ஜெயசீலன்