அன்புமணியின் முகம் உள்பக்கமாக

ராயபுரம்,
ஐப்பசி மழை, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் ஜெஸ்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் கைகால் அசைய நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மருமகள் அனிஷாவும் அந்தக் கனடாக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஜெபத்தில் சொல்லாத நாள் கிடையாது. போனில் சொல்லவேண்டியதை எதற்கு எழுதுகிறாய் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. எபினேசர் மாமா தன் மகளைப் பார்க்க அங்கே வருகிறார், அவர் கையில் கருவாட்டோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். கருவாட்டைப் பிரிக்கும் முன்னால் இதைப் படி.

அப்பாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் டீக்கடையில் பன்பட்டர்ஜாம் சாப்பிடுகிறார், சட்டையில் ஜாமோடு வந்து நின்று நான் சாப்பிடவே இல்லை என்கிறார். திருவொற்றியூர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டால் வழக்கம்போல எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல். கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு ராயபுரம் வந்து கடை திறக்கவே பாதிக் காலை போய்விடுகிறது. ஆனாலும் வியாபாரம் ஓடுகிறது. மழை வந்தால் ஊருக்குப் பேஜார், தார்ப்பாய்க் கடைக்கு சீசன். புதுத் தார்ப்பாய் வாங்க முடியாதவர்களுக்குப் பழைய பிளெக்ஸ் பேனர்தான், நாம் கட்டுக்கட்டாக வாங்கி விற்பது உனக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, தேர்தல், கண்ணீர் அஞ்சலி எல்லாம் கடைசியில் நம் குடோனுக்கு வந்து, மீன் வண்டிக்கும் குடிசைக்கும் மேல்மூடியாகப் போகிறது. போன வாரம் அப்படி ஒரு கட்டைப் பிரித்தேன். ஜோசியக்காரர் விளம்பரத்துக்கு அடியில் அன்புமணி சிரித்துக்கொண்டு இருந்தான்.

நம் அன்புமணிதான் ஜெஸ்வின். உன்னோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்த பிள்ளை. நம் குடோன் வாசலில் இட்லி விற்கிற பட்டம்மாளுக்கு இருந்த ஒரே பிள்ளை. பட்டாளத்துக்குப் போய் வடக்கே பனிமலை எல்லையில் காவல் நின்றவன், மாசி மாதம் பனி சரிந்து அதற்குள்ளேயே போனான். கொடி போர்த்திப் பெட்டியில் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்கு இந்தத் தெருவே நெஞ்சில் கை வைத்து நின்றது, நானும் நின்றேன். அதற்காக நம் வியாபாரிகள் சங்கச் செயலாளர் வரதன் அடித்த பேனர்தான் இது. தலை மட்டும்தான் அன்புமணி. உடம்பு அந்த பிளெக்ஸ்காரன் கம்ப்யூட்டரில் வைத்திருந்த யாரோ ஒரு ஆபீசர், தோளில் நட்சத்திரம், மார்பு நிறைய மெடல். சாதாரண சிப்பாய்க்கு அதெல்லாம் ஏது? அன்றைக்கே பட்டம்மாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது யாரு ஒடம்பு நைனா?” என்று கேட்டாள். “மெடலோட கெத்தா கீறான்ல, வுடு ஆத்தா” என்றானாம் வரதன். கீழே வரிசையாகச் சங்கத்துக்காரர்கள் முகம், ஒவ்வொன்றும் அன்புமணி முகத்தைப்போல இரண்டு மடங்கு. விற்காத சரக்குக்குத்தான் விளம்பரம் வேண்டும் என்று நான் அப்போதே முகத்துக்கு நேரே சொன்னேன், எவனுக்கும் உறைக்கவில்லை.

பேனரைப் பார்த்ததும் வரதனுக்கு போன் போட்டேன். செத்துப்போன பிள்ளை முகத்தைப் பழைய சரக்கோடு சேர்த்துத் தள்ளியிருக்கிறாயே, நாளைக்கு இதைப் போர்த்திக்கொண்டு ஒரு மீன்பாடி வண்டி அவன் அம்மா முன்னாலேயே போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. “அய்யோ அக்கா, கடைப் பையன் தெரியாம போட்டுட்டான். நீயே பத்திரமா வச்சிரு. அடுத்த மாசிக்கு இது மேலயே ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம், செலவு மிச்சம்” என்றான். நானும் வியாபாரிதான், செலவு மிச்சம் என்றால் என் காதும் நிமிரும். ஆனால் எதில் மிச்சம் பிடிப்பது என்று ஒரு அளவு கிடையாதா? ஒவ்வொரு விழாவிலும் மைக்கைப் பிடித்து எல்லைச் சாமி என்கிறார்கள். அந்தச் சாமியைப் பெற்றவள் இதே தெருவில் இட்லி விற்கிறாள். அரசாங்கம் கொடுத்த பணத்தை மருமகளோடு இருக்கும் பேரப்பிள்ளை பேருக்கே விட்டுவிட்டாள், உழைத்துத்தான் சாப்பிடுகிறாள். இரண்டு இட்லி வாங்கித் தின்றுவிட்டு எப்படி இருக்கிறாய் பட்டம்மா என்று கேட்க இவர்களில் ஒருவனுக்கும் நேரமில்லை.

குடோனில் எதுவும் மறைவாக இருக்காதே. மறுநாளே பட்டம்மாள் வந்துவிட்டாள். “யக்கா, எம்புள்ள பேனரு உங்கைல கீதாமே, அத்தக் குடு, வூடு ஒழுவுது” என்றாள்.  நல்ல கெட்டித் தார்ப்பாயாகத் தருகிறேன், காசு வேண்டாம், இது வேண்டாம் பட்டம்மா என்றேன். கேட்கவில்லை. “பனில கெடந்தது போதும், மழைல வேற நனையணுமா அவன்? மூஞ்சி வூட்டுக்குள்ள பாக்கறா மாதிரி கட்டிக் குடு. படுத்துகினு பாத்துகினு கீறேன்” என்றாள். சங்கத்துக்காரர்களை என்ன செய்ய என்று கேட்டேன். “அறுத்து எட்து என் அடுப்பு வெறகு மேல போடு, மூஞ்சி மேலாக்க இருக்கட்டும், நல்லா நனையட்டும்” என்றாள். சிரித்துவிட்டோம் இரண்டு பேரும். நானே கத்தியை எடுத்து வெட்டினேன். அவர்களையெல்லாம் எடுத்தபிறகு பார்த்தால் அத்தனை பெரிய பேனரில் அன்புமணி ஒரு கதவு அளவுகூட இல்லை. அந்த ஆபீசர் உடம்பையும் வெட்டிவிடவா என்று கேட்டேன். “வாணாம்க்கா, அதுவும் எவ பெத்ததோ, இருந்துட்டுப் போவட்டும்” என்றாள். புதுத் தார்ப்பாயில் அதை வைத்துத் தைத்து, ஓரமெல்லாம் கயிறு கட்ட வளையம் அடித்து, வியாசர்பாடியில் அவள் வீட்டுக்கு நானே போய் நின்று கூரைக்கு அடியில் கட்ட வைத்தேன்.

கட்டி முடித்ததும் அவள் தரையில் படுத்து மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்: “உம்புள்ள கீற ஊர்லயும் பனி கொட்டுமாமே, அது எப்டிக்கா இருக்கும்? அன்பு கைல கேட்டா ‘ஏசி போட்டாப்ல கீதும்மா’ன்னுவான். நான் ஏசிய எங்க கண்டேன்? அவன் போனப்பறம் ஏடிஎம்முல போயி நின்னு பாத்தேன், வாட்ச்மேன் தொரத்திட்டான். ஜெஸ்வின் போன் பண்ணா கேக்கலாம்னு கீறேன், புள்ள பண்லியே.”

எந்தத் தார்ப்பாய் குளிரில் விறைத்து வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். மனுஷப் பிள்ளை அதில் என்ன ஆவான் என்று எனக்குத் தெரியவில்லை, ஜெஸ்வினையே போன் போடச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏலே, உன்மேல்தான் எனக்கு ஆத்திரம். அவன் செத்த அன்று ஸ்டேட்டஸில் அவன் படம், கொடி, சல்யூட் எல்லாம் வைத்தாய். அதுவும் ஒரு பேனர்தான், மறுநாளே காணாமல் போயிற்று. அவளுக்கு ஒரு போன் போடச் சொன்னால் என்ன பேசுவதென்று தெரியவில்லை என்கிறாய். நீ ஒன்றும் பேசவேண்டாம், அவள் கேட்பதற்குப் பதில் சொன்னால் போதும். உன் ஊர்க் குளிரும் அவன் நின்ற குளிரும் ஒன்றல்ல, உனக்கு ஹீட்டர் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனாலும் இந்தத் தெருவில் வளர்ந்து பனியில் கால் வைத்தவன் இன்றைக்கு நீ ஒருத்தன்தான். கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய் நில்லு, விரல் எப்படி எரிகிறது, மூச்சு எப்படி முட்டுகிறது என்று பார், அதை அப்படியே சொல்லு. அவன் கஷ்டப்படாமல் போனான் என்று மட்டும் சொல்லாதே, அதை எல்லோரும் சொல்லியாயிற்று, அவள் நம்பவில்லை.

அவள் காலை இட்லி முடித்துக் கடையைக் கட்டும் நேரம் உனக்கு ராத்திரி, அப்போது கூப்பிடு. நம்பரை உறையின் மேலேயே எழுதியிருக்கிறேன், தொலைத்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அனிஷாவைத் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாகவும் பிரியமாகவும் இருக்கும்
அம்மா ஆலிஸ்

பி.கு: குளிர் எப்படி இருக்கும் என்று பட்டம்மாள் கேட்டால், ஏசி மாதிரி என்று நீயும் சொல்லிவிடாதே.