இருபதடி தூரத்துக்கு ஒரு கடிதம்

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் மனைவிக்கு,

இங்கு நலம். அங்கும் நலமென்று தெரியும். நேற்றுக் காலை மருமகனை நீ திட்டியது நம் கொல்லை வரை கேட்டது. குரலில் பழுதில்லை. ஃபோனை நீ எடுப்பதில்லை, அதனால் தபால். இது நகரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டு மூன்றாம் நாள் உன் கைக்கு வரும்.

ஞாயிறன்று நேரிலேயே வந்தேன். புறவழிச்சாலை ஏறி, பாலத்தடியில் திரும்பி, ஏழு கிலோமீட்டர். உங்கள் குடியிருப்பு வாசலில் வாட்ச்மேன் யாரைப் பார்க்க வேண்டுமென்றான். என் பெண்டாட்டியை என்றேன். "அவங்க சரின்னு சொன்னாத்தான் உள்ள விடுவேன் சார்" என்றான். நம் வீட்டில் முப்பது வருஷமாக நடக்கிற சட்டம் இவனுக்கு எப்படித் தெரிந்ததோ.

மறுநாள் கொல்லையில் ஏணி போட்டேன். தலை தெரிந்ததுமே விசில் ஊதிவிட்டார்கள்.

நாம் கடை போட்ட காலத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் சந்தைக்குப் போய்விடலாம். இப்போது ஊர் நாலு பக்கமும் பெருத்து, புதுத் தெரு ஒவ்வொன்றும் எதிலாவது முட்டிக்கொண்டு நிற்கிறது. "வீடு தெரியுது முதலாளி, வழிதான் தெரியல" என்று நம் லாரி டிரைவர் தினம் புலம்புகிறான்.

குற்றம் என்னுடையதுதான். பின்பக்க நிலத்தை மனை போட விற்றபோது, வரைபடத்தில் நம் தெரு அந்தப் பக்கமும் நீண்டது. ஊரே நம் வாசலில் புழுதி கிளப்புமென்று நான்தான் தெருமுனை முதல் நம் கொல்லை வரை சுவர் எழுப்பி அடைக்கச் சொன்னேன். செங்கல், சிமென்ட் எல்லாம் நம் கடைச் சரக்கு. சொந்தச் செலவில் சூனியம். மகள் அங்கேயே வீடு வாங்குவாளென்று யார் கண்டது? "பிள்ளை பெத்தவளைப் பாக்க ஊரைச் சுத்தணுமா, ஒரு கதவாவது வைங்க" என்று நீ கேட்டபோது, சுவர் என்றால் சுவர்தான் என்று வீறாப்புப் பேசினேன். பெட்டியோடு போனாய். நாலு மாதமாகிறது.

உங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவரைப் பார்த்தேன். சுவரை ஒட்டிய வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் கதவு வைக்கலாமாம். மருமகனோ, "அத்தை சொன்னா போடறேன் மாமா" என்கிறார். அவருக்கும் என் கதிதான்.

ஊருக்கெல்லாம் கதவு விற்றவன், நல்ல தேக்காக ஒன்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். தாழ்ப்பாள் உன் பக்கம்.

பேரனுக்கு என் ஆசி. சம்மதமென்றால் பதில் எழுதாதே, அதற்கும் மூன்று நாளாகும். சுவரில் ஒரு தட்டுத் தட்டு. கொல்லையில்தான் நாற்காலி போட்டிருக்கிறேன்.

சுவருக்கு இந்தப் பக்கம்,
உன் வீட்டுக்காரன்