அந்த ட்யூப் மருந்தை நான் அனுப்பமாட்டேன்

கல்லிடைக்குறிச்சி
19.9.1996

அன்பு மகள் விஜயஸ்ரீக்கு அம்மா பார்வதியம்மாள் எழுதிக்கொண்டது. நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்க நெல்லையப்பர் துணை. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இன்றைக்கு அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது. மூன்று வாரமாக வெள்ளைப்படுகிறது, தண்ணீராகப் போகிறது, மீன்கடைப் பக்கம் போனால் வருமே அந்த வாடை, மாப்பிள்ளையோடு சேர்ந்திருந்தால் இன்னும் கூடுகிறது, வெட்கத்தில் தனியாகப் படுக்கிறேன், இரண்டு வருஷம் முன்னால் வாங்கித் தந்த ட்யூப் மருந்தைப் பார்சலில் அனுப்பு என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில், குளிக்காமல் மூன்று மாதம் ஆகிறது என்றும் எழுதியிருக்கிறாய். நாலு வருஷமாக இந்த ஒரு வரிக்குத்தான் காத்துக்கிடந்தேன், வந்த அன்றைக்கு சந்தோஷப்பட முடியாமல் அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உன் தங்கை வேணி சுகம் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். மாசமாக இருக்கிறவளை இங்கே கூட்டிவந்தபோது அவளுக்கும் இதேதான் இருந்தது, பத்து நாள் கழித்துத்தான் வாய் திறந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. "அக்காளுக்கும் வந்துச்சுல்லா, ஒரு ட்யூப்பில போயிரும்ளா" என்று சொல்லி மருந்துக்கடையில் அதையே வாங்கிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா, படிகாரம் கலந்த தண்ணீரால் காலையிலும் சாயங்காலமும் உள்ளே கழுவச் சொன்னேன். வாடை போகவில்லை. "எம்மா, ஒருதடவ டாக்டரம்மாட்ட காட்டிருவமா" என்று அவள் இரண்டு முறை கேட்டாள். "இதுக்கெல்லாமா போவாக, வெக்கக்கேடு" என்று வாயை அடைத்தேன். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் காலையில் தலை சீவிக்கொண்டிருந்தவளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. கார் பிடித்துப் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் பெண் குழந்தை, ஒன்றேகால் கிலோ. இன்றோடு பதினாறு நாள், கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடக்கிறது. தொடக்கூட விடவில்லை.

அங்கே வேணியைப் பார்த்த லில்லி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அரிப்பா வாடையான்னு ஒரு வார்த்த கேட்டியளா? ரெண்டுக்கும் வெள்ளைப்படுதல்னு ஒத்தப் பேரச் சொல்லி ஒரே மருந்தப் போட்டா எப்படிம்மா கேக்கும்?" என்றார்கள். விஜி, நன்றாகக் கேட்டுக்கொள். இரண்டு வருஷம் முன்னால் டைபாய்டுக்கு மாத்திரை தின்று முடித்த கையோடு உனக்கு வந்தது பூஞ்சை. அது தயிர்த் திப்பி மாதிரி கெட்டியாகப் படும், அரிப்பு உயிரை எடுக்கும், ஒன்றுக்குப் போனால் எரியும், வாடை அநேகமாக இருக்காது. ட்யூப் மருந்து அதற்குத்தான். வேணிக்கு வந்தது வேறு. உள்ளே எப்போதும் இருக்கிற நல்ல கிருமிகள் குறைந்து வேறு கிருமிகள் பெருகிவிடுமாம், கஞ்சித் தண்ணீர் போல ஒழுகும், அரிப்பு அவ்வளவாக இருக்காது, மீன் வாடைதான் அடையாளம். அதற்குப் பூஞ்சை மருந்து கேட்கவே கேட்காது, உள்ளே கழுவக் கழுவ இருக்கிற நல்ல கிருமியும் போய்விடும். நான் செய்த இரண்டுமே தப்பு. "வலி அதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா மாசமா இருக்கும்போது கவனிக்காம விட்டா முன்கூட்டியே வலி வர வழி இருக்கு" என்றார்கள். டாக்டரால் அடித்துச் சொல்ல முடியவில்லை, என் மனசு ஒவ்வொரு நிமிஷமும் அடித்துச் சொல்லுகிறது.

நீ எழுதியதைப் படித்தால் அப்படியே வேணி சொன்னதுதான். ஆனாலும் எது என்று நான் சொல்லக் கூடாது, நீயும் சொல்லக் கூடாது. கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம், அதில் தெரிந்துவிடும். இதற்கு மாத்திரை இருக்கிறது, மாசமாக இருக்கிறவளுக்கு எது கொடுக்கலாம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், கடையில் கேட்டு வாங்காதே. நடத்தை கெட்டவர்களுக்கு வருகிற சீக்கு இல்லை, யாருக்கும் வரும் என்று டாக்டர் என்னிடம் சொன்னதை மாப்பிள்ளையிடம் சொல்லு, நீயும் அவர் மேல் சந்தேகப்படாதே. அங்கே இந்தியில் எப்படிச் சொல்ல என்று மலைக்காதே. லில்லி டாக்டரைக் கெஞ்சி இங்கிலீஷில் நாலு வரி எழுதி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். பெண் டாக்டர் கிடைக்காவிட்டால் ஆண் டாக்டரிடமே போ. நீ ஒன்றும் பேச வேண்டாம், அந்தச் சீட்டை மட்டும் நீட்டு, போதும். உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், நாளைக்கு என்று தள்ளாதே.

அப்பாவிடம் உன் விஷயத்தில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். காந்திமதியம்மை உன்னையும் வயிற்றில் இருப்பதையும் காப்பாள். டாக்டரைப் பார்த்த அன்றைக்கே எதிர்வீட்டுப் பூதலிங்கம் அண்ணாச்சி வீட்டுக்குப் போன் பண்ணு, நான் அங்கேயே நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பார்வதியம்மாள்

அக்கா, வேணி எழுதுகிறேன். அம்மா பதினாறு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ரெண்டு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். நீ யாரிடமும் கேட்காதே, போ.